நிழலில் நிறுத்தச் சொன்ன ஜீப்

என் டிரைவர் தாசன் செத்தது நான் சொன்ன ஒரு வார்த்தையால. இதை ரெண்டு வருஷமா என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. இன்னைக்கு இந்தச் சபையில உங்க முன்னால சொல்லுதேன்னா அதுக்குத் தேவன்தான் காரணம்.

எனக்குக் கோவில்பட்டிக்குக் கிழக்க ஒரு கரிசக்காட்டு ஊரு. எழுபதுல பட்டாளத்துல அதிகாரியாச் சேந்தேன். எண்பத்தேழுல, மேஜரா இருக்கும்போது, சமாதானம் காக்க இலங்கைக்கு அனுப்பினாவ. தாசனும் எங்க ஊருதான். ஊர்க்காரன் பக்கத்துல இருக்கட்டும்னு நான்தான் அவனைக் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன்.

ஒரு மத்தியானம் ஒரு கிராமத்துக் கிணத்தடியில ஜீப்பை நிறுத்தினோம். மருந்து கேட்டு ஜனங்க வந்தாவ. தமிழ் தெரிஞ்ச அதிகாரின்னு நான் பேச இறங்கினேன். வெயில்னா அப்படியொரு வெயில். தள்ளி ஒரு புளியமரம் நின்னுது. "ஏலே தாசா, வண்டியை நெழல்ல போடுலே"ன்னேன். சோதிச்சுப் பாக்காத இடத்துல சக்கரம் படக்கூடாதுன்னு எல்லாருக்கும் பாடம் எடுத்தவன் நான். மரத்தடியில கண்ணிவெடி இருந்துது.

லீவுல ஊருக்கு வந்தேன். நான் உசுரோட திரும்பினதுக்கு எங்க வீட்டுல ஸ்தோத்திரக் காணிக்கை வச்சிருந்தாவ. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஞாயித்துக்கிழமை ஆராதனையில குருவானவர் என் பேரை வாசிச்சாரு. மரணத்துல இருந்து தப்புவிச்ச தேவனுக்கு நன்றின்னாரு. தாசன் பெஞ்சாதி எஸ்தர் கைப்பிள்ளையோட பெண்கள் பக்கம் உக்காந்திருந்தா. எந்திரிச்சு வெளிய போயிட்டா.

அன்னையோட என் ஜெபம் நின்னு போச்சு. முழங்கால் போட்டா அந்த மரந்தான் கண்ணுக்குள்ள வரும். பட்டாளத்தை விட்டுட்டு, பட்டாளத்துல இறந்தவங்க குடும்பத்துக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுக்குற அரசாங்க வேலைக்கு வந்தேன். கடம்பூர், மணியாச்சின்னு பஸ் ஏறி வீடு வீடாப் போனேன். எஸ்தர் வீட்டுக்கு மட்டும் போகல.

கடைசியில அவ மனுவும் என் மேசைக்கே வந்துது. தாசன் எப்படி இறந்தான்னு கூட இருந்த அதிகாரி எழுதித் தரணும். கூட இருந்தது நான் ஒருத்தன். "ஆண்டவரே, அவ முன்னால பொய் சொல்லாம நிக்கப் பெலன் தாரும்"னு அழுதேன். வேற ஒண்ணும் கேக்கத் தோணல.

மறுநாள் போனேன். வாசல்ல உக்காந்து தீப்பெட்டிக் குச்சி அடுக்கிக்கிட்டிருந்தா. "வாங்க அண்ணாச்சி"ன்னா. நின்னபடியே எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு வார்த்தையும் மறைக்கல. அது என் பெலன் இல்ல.

அவ கை அப்படியே நின்னுட்டு. பொறவு சொன்னா: "நீங்க சொல்லாட்டியும் அவிய வண்டியை அங்கனதான் போட்டிருப்பாவ. காட்டுக்குப் போனாலும் உடைமரத்து நெழல் தேடித்தான் சைக்கிளை நிறுத்துவாவ." சொல்லிட்டு ஓன்னு அழுதா. நானும் அழுதேன்.

நான் எழுதின தாளை வாங்கிக்கிட்டு, "மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வரல அண்ணாச்சி. ஆனா எம்பிள்ளை வளந்து அப்பாவைப் பத்திக் கேட்டா, நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்"னா.

மன்னிப்பு கெடச்சிட்டுன்னு சொல்ல நான் வரல. உண்மையைச் சொல்ல வாயைக் கேட்டேன், ஆண்டவர் தந்தார். இப்போ மறுபடியும் ஜெபம் பண்ணுதேன். உங்கள்ல யாருக்காவது ஏற முடியாத ஒரு வாசல் இருந்தா, அவர்கிட்ட கேளுங்க. கேட்டுட்டு எந்திரிச்சுப் போங்க. அவர் கூட வருவார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போ மூணு வயசு. என்னைக் கண்டா "மாமா"ன்னு ஓடி வந்து காலைக் கட்டிக்கிடுது. எனக்காக ஜெபிச்சுக்கிடுங்க.