விளங்கினால் ஓம் சொல்லுங்கோ

போன வாரம் பதுளைக் கடைவீதியில் என் பழைய போனைத் திருத்தக் கொடுத்தேன். கடைக்காரர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இனி எழும்பாதுங்க டீச்சர்" என்றார். போனுக்காக யார் அழுதார்கள்? அதற்குள் இருந்த பிள்ளைகளின் குரல்களை நினைத்துத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு, மூன்றாம் வகுப்பு டீச்சராக வந்து பிள்ளைகளின் பெயர்கூடப் பாடமாகவில்லை, கொரோனா பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டது. பாடத்தைக் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு ரேடியோக்காரி கணக்காகப் பேசிவிட்டு, கடைசியில், "பிள்ளைகள், விளங்கினால் ஓம் எண்டு சொல்லி அனுப்புங்கோ" என்றேன். எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம், அவ்வளவுதான்.

மறுநாள் பதில்களைத் திறந்தால், "ஓ...ம்ம்ம்!" மூச்சு முட்ட இழுத்த ஓம்! ஒரு வீட்டில் பின்னால் மணியும் அடித்தார்கள். ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், இவன் காலையில கோழிக்கறி தின்னுட்டான். நாளைக்கு குளிச்சிட்டு சொல்லட்டுங்களா?" சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துபோனது.

திருத்த மனம் வரவில்லை. அந்த ஓம்தான் எங்கள் வரவு இடாப்பு ஆனது; ஓம் வந்தால் பிள்ளை வகுப்புக்கு வந்த கணக்கு.

ஓம் வராத ஒரே பிள்ளை கௌசல்யா. வீட்டில் போன் இல்லை. வகுப்பிலேயே எழுத்துக்கூட்டத் திணறியவள், இருந்ததும் போய்விடுமே என்று எனக்கு ஒரே பதைப்பு. அவள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அடுத்த காம்பராவில் இருந்த ராணியக்காவைக் கெஞ்சினேன். அவர் மகனும் என் வகுப்புதான்.

"கவலப்படாதீங்க டீச்சர். கொழுந்து எடுத்துட்டு வந்ததும் சத்தமா போடுறேன், அவ வாசல்ல ஒக்காந்து கேக்கட்டும்."

"புத்தகத்தில விரல் வைச்சுக் கேக்கச் சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

பிறகும் அவள் குரல் வரவில்லை. கேட்டால், "வெக்கப்படுறா டீச்சர்" என்பார் ராணியக்கா. கேட்கிறாளா, தூங்குகிறாளா, யாருக்குத் தெரியும்?

பள்ளிக்கூடம் திறந்த அன்று, முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கௌசல்யாவை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். தடக்கித் தடக்கி வாசித்தாள். ஆனால் முழுப் பக்கத்தையும் வாசித்தாள், அதுவும் என் யாழ்ப்பாண இழுவையோடு! பக்கம் முடிந்ததும் நிறுத்தவில்லை. நான் கடைசியில் சொல்வதும் பாடத்தில் சேர்ந்தது என்று நினைத்திருக்கிறாள், பாவம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளைகள், விளங்கினால் ஓம் எண்டு சொல்லி அனுப்புங்கோ" என்றாள்.

"ஓ...ம்ம்ம்!" என்றது வகுப்பு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.

இப்போது பிள்ளைகள் எதிரிலேயே இருக்கிறார்கள். எது கேட்டாலும் "ஆமாங்க டீச்சர்" என்கிறார்கள். நல்லாத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா பேசினார்.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"ஆமாம்மா."

"ஏனடி, உனக்கு ஓம் எண்டு சொல்ல வராதோ இப்ப?"