மஞ்சளுக்கு யார் கை என்று தெரியாது

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் நிறைந்துகொண்டிருந்தபோது என் மகள் வயிற்றுப் பேத்தி செல்வி மேட்டிலிருந்து ஓடி வந்தாள். கையில் போன். காலில் செருப்பில்லை. அதைப் பார்த்ததுமே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்துவிட்டது.

“அம்மாயி, பரமேஸ்வரி டீச்சர் போயிட்டாங்களாம். விடியக்காலையில. ஹட்டன்ல வச்சி.”

குடம் நிரம்பி வழிந்தது. நான் எடுக்கவில்லை. பின்னால் காத்து நின்ற பெண்களும் எடு என்று சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேர் டீச்சரிடம் படித்தவர்கள்.

டீச்சரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் வீட்டின் மேல் ஷெல் விழுந்து கணவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான், தொண்ணூறுகளின் நடுவில், மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சாம்பல் நிறச் சேலை, நெற்றியில் திருநீறு மட்டும். மற்ற வாத்தியார்மார் வெள்ளிக்கிழமை மத்தியானமே ஹட்டன் பஸ் ஏறிவிடுவார்கள். இவர் ஏறமாட்டார். இதைத் தியாகம் என்று யாராவது கூட்டத்தில் பேசினால் நம்பாதீர்கள். அவரே என்னிடம் சொன்னது இதுதான்: “போறதுக்கு இடமில்லை அக்கா. அதுதான் நிக்கிறன்.”

நான் அப்போது பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. பள்ளிக்கூடத்துக்கும் எங்களுக்கும் நடுவே அரைச்சுவர். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் அந்தச் சுவர் வழியாகக் கேட்டதுதான்.

ஒருநாள் டீச்சர் ஒரு கிளாஸ் தண்ணீரில் சீனியைப் போட்டுக் கலக்கினார்.

“சீனி எங்க போச்சு?”

“செத்துப்போச்சு டீச்சர்!” என்றான் ஒரு பயல்.

“நக்கிப் பார்.” நக்கினான். “செத்தது இனிக்குமோடா? ஒளிச்சு நிக்குது.”

மெழுகை உருக்கினார், அது மறுபடி உறைந்தது. காகிதத்தைக் கிழித்தார். உருவம்தான் மாறியது, பொருள் அதேதான், இதெல்லாம் பௌதிக மாற்றம் என்றார். பிறகு கிழித்த காகிதத்தைக் கொளுத்தினார். கரியைக் கையில் ஏந்திக் காட்டி, “இது இனிக் கடதாசி இல்லை. வேற பொருள். இது இரசாயன மாற்றம்” என்றார்.

அப்புறம் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். “மாரியாயி அக்கா, உங்கட சுண்ணாம்பு டப்பியை ஒருக்காத் தாங்கோ.”

கொடுத்தேன். மஞ்சள் தண்ணீர் இருந்த தட்டில் ஒரு விரல் சுண்ணாம்பைக் கரைத்தார். தட்டு குங்குமமாகச் சிவந்தது. “ஆலாத்தி! ஆலாத்தி!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். மறுபடி மஞ்சளானது.

செல்விக்கு அப்போது பத்து வயது. எழுந்து கேட்டாள். “டீச்சர், திரும்பிருச்சி. அப்ப இதுவும் பௌதிக மாற்றந்தானே?”

“திரும்பினதோ எண்டு கேக்காதை பிள்ளை. கிழிச்ச கடதாசி திரும்புதோ? இல்லை. ஆனா அது கடதாசிதான். வேற பொருள் உண்டானதோ எண்டு கேள். இதுக்குள்ள உண்டானது. திரும்பினாலும் இது இரசாயன மாற்றம்தான்.”

பாடம் அதோடு முடிந்தது. வினை மறுநாள் வந்தது. கங்காணி பெண்சாதி ராக்கம்மா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

“தாலியறுத்தவ ஆலாத்தி கரைச்சி எங்க புள்ளைங்களுக்குக் காட்டுறதா? வெளங்குமா? இந்த டீச்சர் இருக்கிற வரைக்கும் எங்க புள்ளைங்க இந்தப் படி ஏறாதுங்க!”

டீச்சர் சாக்கட்டியோடு வெளியே வந்தார். குரல் உயரவில்லை. “நான் கரைச்சதும் நல்லாத்தான் சிவந்தது அம்மா. மஞ்சளுக்கு யார் கை எண்டு தெரியாது.”

“சுண்ணாம்பு குடுத்தாளே இவ, இவளச் சொல்லணும்!” என்று ராக்கம்மா என் பக்கம் திரும்பினாள்.

“ஆமாடி, நாந்தான் குடுத்தேன். மிச்சம் இருக்கு. ஒன் வாயில தடவட்டுமா?”

அன்றிலிருந்து பாதி வகுப்பு காலி. டீச்சரை மாற்றச் சொல்லி ராக்கம்மா லயம் லயமாக, வீடு வீடாக ஏறி இறங்கினாள். நான் செல்வியை அனுப்பினேன். டீச்சர் காலி வாங்குப் பலகைகளைப் பார்த்தும் அதே சத்தத்தில் பாடம் நடத்தினார். மழைக்காலம் முடிந்த பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச காலத்தில் என் வீட்டுக்காரர், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன மலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். டீச்சரின் நெற்றி எனக்கும் வந்தது.

அதற்குப் பிறகு என் ஒரே மகன் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வருகிறார்கள். பெற்றவள் நான் அடுப்படியில். தட்டைப் பிடித்து நின்றவள் ராக்கம்மா. டீச்சரும் என் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஒரு பெண்பிள்ளை உள்ளே ஓடி வந்தது.

“பெரியாயி, ஆலாத்திக்குச் சுண்ணாம்பு இல்லையாம். ஒங்க டப்பியக் கேக்குறாங்க.”

மகன் கல்யாணம். கொடுத்தேன்.

“சுண்ணாம்பு வேணுமாம், கைதான் வேண்டாமாம்” என்று டீச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். மெல்லச் சொன்னார்: “எங்களுக்கு நடந்தது பௌதிக மாற்றம் அக்கா. பொட்டுப் போச்சு, பூப் போச்சு. ஆள் மாறேல்லை.”

“ஒங்களுக்கு அப்பிடி இருக்கலாம் டீச்சர். எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சி போச்சிங்க.”

துருவும் சத்தம் நின்றது. “எனக்கும்தான்” என்றார். “பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லிப் பாத்தன்.”

வாசலில் மேளம் ஓங்கி அடித்தது. மகன் வீட்டுக்குள் வலதுகாலை வைத்ததை நான் காதால்தான் பார்த்தேன். ராக்கம்மா வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்றுவரை நான் போனதில்லை. “விடுங்கோ அக்கா” என்று டீச்சர் எத்தனையோ தரம் சொன்னார். அந்த ஒரு பாடம் மட்டும் எனக்கு ஏறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு டீச்சர் ஹட்டனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு இருந்தார். நான் டவுனுக்குப் போனால் பிளேன்டீ ஊற்றித் தருவார். அந்த அறைக்குத்தான் இந்தத் தடவை செல்வியோடு போனேன். வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தது.

டீச்சரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவுக்காரர் இரண்டு மூன்று பேர். முந்தானையில் முடிந்துகொண்டு போன மஞ்சள்தூளை உள்ளங்கையில் கொட்டினேன். டப்பியைத் திறந்து சுண்ணாம்பு எடுத்தேன். செல்வி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள். குழைத்தேன்.

“என்னணை செய்யிறீங்கள்?” என்று அவர்களில் மூத்த அம்மா எழுந்தார். “அது கூடாது. அவ புருஷன் இல்லாதவ.”

“எனக்கும் இல்லைங்க” என்றேன்.

செல்வி என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: “மஞ்சளுக்கு யாரு கைன்னு தெரியாதுங்க. டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

அந்த அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பொட்டு வைத்தேன். நெற்றி பீலித் தண்ணீர் மாதிரிச் சில்லென்றிருந்தது.

பெட்டியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றோம். அன்றைக்கு அவர் கையில் ஏந்திக் காட்டிய கரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இது இனிக் கடதாசி இல்லை.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது. நானும் சொல்லாமல்தான் பஸ் ஏறினேன். சொல்லாமல் வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் கையிலயும் நல்லாத்தான் சிவந்துச்சு டீச்சர். போங்க.