'நிங்ஙள்' என்ற குற்றம்

எனக்கு முன்கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஸ்டாஃப் ரூமிலும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கோபம் ஒரு தடவை உருப்படியாக ஒரு வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. கேரளத் தலைநகரில், சாலைக் கடைத்தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது எங்கள் சர்க்கார் பள்ளி. பெரும்பாலும் மலையாள வகுப்புகள்தான். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசியாக ஒரு தமிழ் டிவிஷன் உண்டு. கரமனையிலிருந்து பஸ் பிடித்து வந்து அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைச் சிப்பந்திகளின் பிள்ளைகள், ஹோட்டலில் மாவாட்டுகிறவர்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகள். பள்ளியில் எங்கே ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் "தமிழ் டிவிஷனாணோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பாதி நேரம் ஆமாம் என்பதுதான் பதில், அது வேறு விஷயம்.

ஒழுங்கு, கட்டுப்பாடு எல்லாம் டிரில் சாரின் பொறுப்பு. மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிட்டுப் பிரம்போடு நிற்பார். கஞ்சி போட்ட காக்கி டிரவுசர், விறைத்த முதுகு. பிள்ளைகளைக் காரணமில்லாமல் அடிக்க மாட்டார். ஆனால் மரியாதை ஒரு இம்மி குறைந்தாலும் பொறுக்க மாட்டார்.

அவரிடம் மாட்டியவள் ஒன்பதாம் வகுப்பில் என் மாணவி. அம்மா சித்தாள் வேலைக்கு விடியற்காலையே போய்விடுவாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, தம்பிகளுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் இவள் கிளம்ப முடியும். அதனால் எப்போதும் லேட். வாய் நீளம், ஆனால் பாடம் சொன்னால் கற்பூரம்.

அன்றைக்கு நான் ஆபீஸ் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லேட்டாக வந்தவர்கள் வரிசையில் அவளும் நின்றாள். டிரில் சார் பிரம்பை வெயிலின் பக்கம் நீட்டி, "அவிடெ போயி நில்லு" என்றார். அவள் தலையைக் குனிந்து, பணிவாகத்தான் சொன்னாள்: "நிங்ஙள் பறஞ்ஞால் மதி, ஞான் நின்னோளாம்."

வரிசையில் இருந்த மலையாளப் பிள்ளைகள் 'ஓ' என்று கூவிவிட்டார்கள்.

அவள் மனசுக்குள் இருந்தது, "நீங்க சொன்னாப் போதும், நான் நின்னுக்கிடுதேன்." பேச்சுத் தமிழில் 'நீங்க'வுக்கு மேல் மரியாதை கிடையாது. அதை அப்படியே மலையாளத்தில் 'நிங்ஙள்' ஆக்கிவிட்டாள். இந்த ஊர் மலையாளத்தில் அது சமவயதுக்காரனிடம் சொல்கிற சொல், சண்டைக்கு நிற்கிறவனிடம் சொல்கிற சொல். ஆசிரியரிடம் சொன்னால் சட்டையைப் பிடித்து உலுக்கின மாதிரி. அவரைக் குறிக்கிற இடத்திலெல்லாம் 'சார்' என்றே ஒப்பேற்றிவிட வேண்டும். இங்கே பெண் ஆசிரியைகளையும் பிள்ளைகள் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவர்களுக்குச் சார்தான். கரமனைத் தெருக்களில் வளர்ந்த எங்களுக்கு இது நடை பழகும்போதே தெரிந்துவிடும். சித்தாளின் மகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

டிரில் சாரின் முகம் சிவந்துவிட்டது. "ஆரோடாடீ நீ நிங்ஙள் என்னு பறயுன்னது?" என்று கத்தினார். யாரைப் பார்த்து 'நிங்ஙள்' என்கிறாய் என்று அவர் அதட்டியதை, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். உங்களிடம்தான் என்று இன்னும் பணிவாகப் பதில் சொன்னாள்: "நிங்ஙளோடுதன்னெ, சார்."

பயம் கூடக்கூட அவள் மரியாதையைக் கூட்டினாள். மரியாதை கூடக்கூட அவருக்கு அவமானம் கூடியது. நான் ஓடிப் போவதற்குள் அவர் ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய்விட்டார்.

"ஒன்று அவளுக்கு டி.சி. கொடுங்கள், இல்லையென்றால் நாளை முதல் கேட்டில் வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டாராம். டி.சி. என்றால் அவளுக்கு அதோடு படிப்பு முடிந்தது. நடந்துபோகிற தூரத்தில் வேறு தமிழ் டிவிஷன் கிடையாது. மறுநாளே அம்மாவோடு மணல் சட்டி தூக்கப் போக வேண்டியதுதான்.

ஹெட்மாஸ்டரிடம் போய் விளக்கினேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. "டீச்சரே, அவள் ஜனிச்சது இவிடெயல்லே? என்னேக்காள் நன்னாயிட்டு மலையாளம் பறயுமல்லோ" என்றார். இங்கேயே பிறந்தவளாம், அவரைவிட நன்றாகப் பேசுகிறவளாம். அவள் மலையாளம் சுத்தமாக இருந்ததுதான் வினையாகிவிட்டது. கொச்சையாகப் பேசியிருந்தால் தமிழ்ப் பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டது என்று விட்டிருப்பார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அவளுக்கு டி.சி. எழுதினால் எனக்கும் சேர்த்து எழுதுங்கள்" என்று கத்திவிட்டேன். அதற்காகத்தான் ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வெளியே அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "சார், நான் மரியாதயாத்தானே சொன்னேன்? பின்னே ஏன் திட்டுதாரு?" என்று கேட்டாள். இங்கே 'நிங்ஙள்' கூடாது, 'சார்' மட்டும்தான் என்று சொல்லிக் கொடுத்து, நாளைக்கு அம்மாவோடு வா என்றேன்.

மறுநாள் அம்மா வந்தாள். முழங்கை வரைக்கும் சிமெண்ட் பூத்திருந்தது. மகள் என்ன தப்பு செய்தாள் என்று அவளுக்குப் புரியவே இல்லை. ஸ்கூலை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்பது மட்டும் புரிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர் மேஜைக்கு முன்னால் கைகூப்பி, தெரிந்த மலையாளத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள்: "சாமீ, நிங்ஙளாணு ஞங்ஙளுக்கு தெய்வம். நிங்ஙள் அடிச்சோ, நிங்ஙள் கொன்னோ, படிப்பு மாத்திரம் நிறுத்தல்லே!"

 ஹெட்மாஸ்டர் கூப்பிய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரமாக நின்றிருந்த டிரில் சார் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "சாரே, ஈ அம்ம இப்போள் என்னெ சீத்த விளிச்சதாணோ?" இந்த அம்மா இப்போது என்னைத் திட்டினாளா?

டிரில் சார் ஜன்னல் வழியாகக் கிரவுண்டைப் பார்த்தார். எனக்கா, உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. முதல் நாள் நான் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது, அந்த அம்மா அழுத அழுகையில் ஏறிவிட்டது. டி.சி. பேச்சு அங்கேயே செத்தது.

கலைந்து போகும்போது டிரில் சார் வராந்தாவில் என்னை நிறுத்தினார். "நிங்ஙள் என்னதினு தமிழில் எந்தா பறயுக?" என்றார். "நீங்க" என்றேன். உதட்டை அசைத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை மணி அடித்தது. கேட் சாத்தியாயிற்று. வழக்கம்போல அவள் லேட். குழாயில் தண்ணீர் வந்தால்தானே! நான் வராந்தாவில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். டிரில் சார் பிரம்போடு நேராக அவளிடம் போனார். தொண்டையைச் செருமினார்.

"நீங்க எந்தா லேட்டு?"

 வரிசையில் நின்ற தமிழ்ப் பிள்ளைகளெல்லாம் சிரித்துக் கைதட்டிவிட்டார்கள். அவளுக்குக் காதுவரை வாய். "பைப்பில் வெள்ளம் வந்நில்ல, சார்" என்றாள். நிங்ஙளும் இல்லை, கிங்ஙளும் இல்லை.

"நீங்க உள்ளெ போங்க" என்றார் அவர். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, அவசரமாக மறைந்தது. நான் பெற்ற பரிசுகளில் இதற்கு இணை வேறில்லை.

ஆனால் ஒழுங்கு என்னவாயிற்று என்று கேட்டால், அதுதான் வேடிக்கை. மறுநாள் தமிழ் டிவிஷனில் பாதிப் பேர் வேண்டுமென்றே லேட்டாக வந்தார்கள். பிரம்பைப் பார்த்தால் நடுங்குகிற பிள்ளைகள், டிரில் சார் வாயால் ஒரு 'நீங்க' கேட்பதற்காகக் கேட்டுக்கு வெளியே நீளமாக வரிசை கட்டி நின்றார்கள். அவர் பிரம்பை ஆட்டிப் பார்த்தார், ஒருத்தரும் நகரவில்லை. கடைசியில் "போடா! போடீ!" என்று கத்தின பிறகுதான் சிரித்துக்கொண்டே வகுப்புக்கு ஓடினார்கள்.