பங்கு போட்ட மருந்து

கல்லூரிக்குப் பின்னால், ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற எலிக்கூடத்தில் செபஸ்தியம்மாளுக்குக் கூண்டு கழுவும் வேலை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற அந்த அறையில்தான் அவளுக்கு நிம்மதி. வீட்டில் புருஷன் அந்தோணிமுத்து கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்துக் கிடந்தான். தோல் பதனிடும் ஷாப்பில் வாங்கிய கூலியைச் சாராயத்துக்கே கொட்டி ஈரலைக் கெடுத்துக்கொண்ட மகராசன். விட்டுப் போகவும் அவளுக்கு மனசு வரவில்லை, காப்பாற்றவும் வழி தெரியவில்லை.

ஆராய்ச்சி மாணவி சூர்யகலா சிறுமலைக் காட்டில் எடுத்த வேர் ஒன்றிலிருந்து ஒரு பொடியைப் பிரித்திருந்தாள். இரும்பைத் துரு தின்பதுபோல் விஷம் ஈரலை அரிக்குமாம். அந்த அரிப்பை இந்தப் பொடி தடுக்குமாம். சோதித்துப் பார்க்க ஒரு கூண்டு எலிகளுக்கு விஷத்தோடு பொடிக் கரைசல், பக்கத்துக் கூண்டுக்கு விஷத்தோடு வெறும் தண்ணீர். சூர்யகலா ஊருக்குப் போன வாரத்தில் ஊற்றும் வேலை செபஸ்தியம்மாள் கைக்கு வந்தது.

தண்ணீர்க் கூண்டு எலிகள் முடி சிலிர்த்து மூலையில் ஒடுங்கின. பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு முட்டையைப் பிள்ளைகள் இருவருக்கும் பாதியாக அறுத்துக் கொடுக்கிற கை, மருந்தையும் பாதியாக்கி இரண்டு கூண்டுக்கும் ஊற்றிவிட்டது. அவளுக்கு அது தப்பாகவே படவில்லை.

திரும்பி வந்த சூர்யகலா எலிகளை அறுத்து ஈரலைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துபோனது.

"ரெண்டு கூண்டுக்கும் வித்தியாசமே இல்லக்கா. இந்தப் பொடி ஒண்ணுக்கும் ஆகாது. புரொபசர் வேற வேலை பாக்கச் சொல்லிட்டாரு."

செபஸ்தியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. சோதனையில் தேறினால் புருஷனுக்குக் கேட்டு வாங்கலாம் என்று நம்பியிருந்த மருந்தை அவளே கெடுத்துவிட்டாள். சொன்னால் வேலை போகும், வீட்டில் உலை வைக்க வழியிருக்காது. சொல்லாவிட்டால் பொடி குப்பைக்குப் போகும். ஆண்டவர் நல்ல இடத்தில்தான் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

சூர்யகலா பொடிப் புட்டியைக் கொட்டப்போனபோது செபஸ்தியம்மாள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கொட்டாதீகம்மா. ரெண்டு கூண்டுக்கும் நாந்தான் பங்கு போட்டு ஊத்துனேன்."

சூர்யகலா புட்டியை மூடி மறுபடி அலமாரியில் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"புரொபசர்ட்ட நான் பேசிக்கிறேன். மறுபடி செய்வோம். இந்தத் தடவ அந்தக் கூண்டுக்குத் தண்ணி மட்டுந்தான். அதுக ஈரல் கெட்டாத்தான் மருந்து காப்பாத்துதான்னு தெரியும்."

"எங்க வீட்டுக்காரருக்கு?"

"மனுசனுக்குக் கொடுக்க இன்னும் எம்புட்டோ வருசம் ஆகும்க்கா."

மறுவாரம் செபஸ்தியம்மாள் தண்ணீர்க் கூண்டிலிருந்து புதிதாக வந்த ஓர் எலியை எடுத்தாள். அது அவள் விரலை நக்கியது. மருந்துக் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தண்ணீரையே அதன் வாயில் ஊற்றினாள். வீட்டுக்குப் போனால் அந்தோணிமுத்துவுக்கும் இந்த வெறும் தண்ணீரைத்தான் ஊற்றப்போகிறோம் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. எலியைக் கையில் பிடித்தபடியே அழுதாள்.