வாடகைக்கு இருப்பதாகச் சொன்னவர்

உம்மே ஹானிக்குப் பொய் பேசவே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர் ஒரே ஒரு பொய் சொன்னார். ஆனால் அதை ஒன்பது வருடம் விடாமல் சொன்னார், தெருவையும் சேர்த்துச் சொல்ல வைத்தார்.

ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு ஸ்கூட்டர் வந்தால் நடப்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் அவர் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. நிக்காஹ்வின்போது கணவர் மஹராக, மணக்கொடையாக, அவர் பேருக்கு எழுதிக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் ஆயாவாக முப்பது வருடம் பெருக்கித் துடைத்து ரிடையரானவருக்கு, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

கணவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, புரோக்கர்கள் வந்துவிட்டார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள். "தனியா இருக்கீங்க, வித்துட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயிடலாமே" என்று பேச்சு. ஒருவன் கேட்காமலே உள்ளே வந்து அறையை அளக்க ஆரம்பித்தான். மறுநாள் அவர் வாசலில் திரை போட்டார். அதற்கப்புறம் எவன் வந்து கதவைத் தட்டினாலும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான் வரும்:

"நாங்க வாடகைக்கு இருக்கோம். ஓனர் இங்க இல்ல."

மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. எதிர்க் கோழிக்கடை அன்வர் பாஷா அவரை அக்கா முறை வைத்து 'ஆபா' என்றுதான் கூப்பிடுவார். "கவலப்படாதீங்க ஆபா. எவன் கேட்டாலும் நானும் அதையே சொல்லிடறேன்" என்றார். சொல்லவும் செய்தார். நல்ல மனுஷன். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், "ஓனர் இருக்காங்களாம்மா?" என்று வாசலில் ஒரு குரல். உம்மே ஹானி அரிசி களைந்துகொண்டிருந்தார். கை ஈரத்தோடு அதே பதிலைச் சொன்னார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொத்துவரிக் கணக்கெடுக்க வந்த ஆள் அவர்.

போன மாசம் நோட்டீஸ் வந்தது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுத்த சலுகை ரத்து, வாடகை வீட்டுக்கு உண்டான வரி, அதுவும் இரண்டு வருடத்துக்குச் சேர்த்து. பென்ஷனில் மாத்திரை போக மிஞ்சுவதை வைத்து அதைக் கட்ட முடியாது. வீட்டைக் காப்பாற்றச் சொன்ன பொய் வீட்டுக்கே வேட்டு வைத்துவிட்டதே என்று புலம்பிக்கொண்டே பெட்டியிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தார்.

வரி ஆபீசில் மனு கொடுத்து, பத்திரத்தைக் காட்டினார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மாளவிகா பொறுமையாகத்தான் பேசினாள். "வீடு உங்க பேர்லதான்மா இருக்கு. ஆனா நீங்க அங்க குடியிருக்கணுமே? ஆதார்ல நங்கநல்லூர் அட்ரஸ் இருக்கே."

முட்டி ஆபரேஷனுக்காக மகள் ஜுவேரியா வீட்டில் நாலு மாசம் இருந்தபோது, மகள் அக்கறையாக மாற்றிக் கொடுத்த விலாசம் அது. திருப்பி மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"சரி, நேர்ல வந்து விசாரிக்கச் சொல்றேன்" என்றாள் மாளவிகா.

விசாரணை அன்று உம்மே ஹானி காலையிலேயே குளித்து, பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே சந்தில் பேச்சுக் குரல் கேட்டது.

"பாய், எதிர் வீட்ல யாரு?"

"வாடகைக்கு ஒரு அம்மா கீறாங்க சார். ஓனரு இங்க இல்ல."

உம்மே ஹானி திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். அன்வர் பாஷா, எப்படிச் சமாளிச்சேன் பாத்தீங்களா என்கிற மாதிரி அவரைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் கையில் ஃபைலோடு அதிகாரி.

"பாய், இவர் புரோக்கர் இல்ல" என்றார் உம்மே ஹானி.

அன்வர் பாஷாவுக்கு முகம் செத்துவிட்டது. "சார், அது சும்மா சொன்னது சார். ஆபாதான் ஓனரு. இங்கயேதான் கீறாங்க."

"முன்னாடி வந்தவர்கிட்டயும் வாடகைன்னுதான் சொல்லியிருக்காங்க. இவங்க அட்ரஸும் நங்கநல்லூர்" என்றார் அதிகாரி. "இன்னைக்கு விசாரணைன்னு வந்து உக்காந்திருக்காங்க. நான் என்ன பாய் எழுதறது?"

அவர் எழுதிக்கொண்டு போனார். மனு தள்ளுபடியானது. மேல்மனு போடலாம் என்றாள் மாளவிகா. அதற்கு முதலில் வரியைக் கட்டிவிட்டு வர வேண்டுமாம். மகளிடம் கேட்டார். அவளால் என்ன முடியும், பாவம். "இங்கயே வந்துடுங்கம்மா, ஹால்ல ஒரு கட்டில் போட்டுடறேன்" என்றாள்.

அடுத்த வாரம் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். "ஓனர் இருக்காங்களா?"

உம்மே ஹானி திரையைத் தள்ளினார். "நான்தான். உள்ள வாங்க."

"வாடகைக்கு இருக்கீங்கன்னுல்ல தெரு பூரா சொல்றாங்க?" என்றான் புரோக்கர்.

அவர் பத்திரத்தை எடுத்துவந்து நீட்டினார். புரோக்கர் இரண்டு பக்கம் புரட்டினான், தலையாட்டினான். விற்பதற்கு அது போதுமாக இருந்தது.