சவுக்குக்காட்டில் ஒரு கழிப்பறை வாசல்

வீடு கட்டிக் கொடுத்தால் கிரகப்பிரவேசத்தன்று வேட்டி, துண்டு கிடைக்கும். கழிப்பறை கட்டிக் கொடுத்தவனுக்கு யாரும் இலை போட்டதாகக் கட்டடக்கலை வரலாற்றில் சான்று இல்லை. வரைபடத்தோடு மல்லுக்கட்டும் நண்பர்களே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, சவுக்குக்காட்டை ஒட்டிய சுற்றுலாப் படகுத்துறையில் ஒரு பொதுக் கழிப்பறை கட்டப்போய் நான் பட்டதைக் கேளுங்கள்.

புன்னை மரம்

இடத்தின் நடுவில் ஒரு புன்னை நின்றது. அதை வெட்ட மனமில்லாமல், இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள் என்று சுவரை வளைத்து வரைந்தேன். கொத்தனார் பெருமாளிடம் பெருமையோடு காட்டினேன். தாளைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரத்துக்கு இம்மாம் பெரிய எடம் உட்டுட்டீங்க சார். மனுசன் எங்க உக்காருவான்?"

சுண்ணாம்புக் கோடு

தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று, வறுத்த மீன் விற்கும் செல்வியக்கா வந்து நின்றார். துறையில் கடை போடும் பெண்கள் ஏழெட்டுப் பேர். காலையில் வந்தால் சாயங்காலம்வரை அடக்கிக்கொள்வார்கள். முடியாதபோது காட்டுக்குள் முள்ளை மிதித்துக்கொண்டு போவார்கள். இந்தக் கட்டடத்துக்காக என்னைவிட அதிகம் காத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

"வாசல் எங்க சார்?" என்றார். காட்டினேன். படகுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு நேரெதிரே. பொதுக் கட்டடம் தேடாமலே கண்ணில் பட வேண்டும் என்பது என் கொள்கை. அக்காவின் கொள்கை வேறு: "டிக்கெட்டுக்கு நிக்கிற அத்தினி ஆம்பளைங்களும் பாக்க நாங்க உள்ள போவணுமா? இதுக்கு அந்த முள்ளே தேவலாம்."

நான்கு பக்கம்

அவர் சொன்னது சரி. ஆனால் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. வாசலைக் காட்டுப் பக்கம் திருப்புவதற்கான நியாயங்களை அடிக்குறிப்புகளோடு நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு கடலூர் போனேன். ஒப்புதல் கொடுத்த அதிகாரி நிதானமாகப் புரட்டினார். "நல்ல தமிழ் சார். ஆனா அப்ரூவ் ஆன பிளான்ல கை வெச்சா ஆடிட்ல என்னத்தான் கேப்பாங்க, ஒங்கள இல்ல."

ஈசானி மூலை

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. அதிகாரியின் தலைக்குமேல் தொங்கிய காலண்டரிலோ வாஸ்து நாட்களெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன. எழுந்து கிளம்பும்போது சும்மா சொல்லிவைத்தேன்: "வாசல் ஈசானி மூலையில வருது சார். கழிப்பறைக்கு அது ஆகாதும்பாங்க. தோஷம் கட்டுறவனுக்கா, கையெழுத்துப் போட்டவருக்கான்னுதான் சரியா தெரியல."

நான் கடலூர்ச் செம்மண்டலத்தைத் தாண்டுவதற்குள் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. "சார், வாசலத் திருப்பிடுங்க. காத்தோட்டத்துக்காகன்னு ஃபைல்ல நான் எழுதிக்கிறேன்."

திறப்பு விழா

ரிப்பன் வெட்டிய பெரியவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே, கடைப் பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய், ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வரிசையில் நின்ற ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. கட்டியவனுக்கு ஆவல் இருக்காதா? செல்வியக்காவிடம் போய், "எப்படிக்கா இருக்கு?" என்றேன். சட்டியில் மீனைப் புரட்டிப் போட்டபடி, நிமிராமலே சொன்னார்: "எது சார்? நாங்க எங்கியும் போவலியே!"

நான் கட்டியவற்றிலேயே, முன்னால் நின்று ஒருவரும் செல்ஃபி எடுத்துக்கொள்ளாத கட்டடம் இது ஒன்றுதான்; எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய நற்சான்றிதழும் அதுதான்.