தெருப்பக்கத்துச் சுவர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் தெருவைப் பார்த்த சுவரில் ஜன்னல் கிடையாது. அதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து உங்களைத் திகைக்க வைக்கிற உத்தேசம் எனக்கில்லை. மறைத்து வைத்ததெல்லாம் போதும்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் ஆண்களில் பாதிப் பேர் அரபு நாட்டில் இருப்பார்கள், மீதிப் பேர் அவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அத்தா, அதாவது அப்பா, ரியாத்தில் இருந்தார். வீட்டைக் கட்டுகிற பொறுப்பு அவருடைய அண்ணனான பெரியத்தாவிடம் இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மேஸ்திரி உடையார்பாளையத்துக்காரர். அவர் வாஸ்து பார்த்தார், பெரியத்தா தொழுகைத் திசையான கிப்லா பார்த்தார். கக்கூஸில் உட்காருகிறவர் மேற்கே முகத்தையும் காட்டக்கூடாது, முதுகையும் காட்டக்கூடாது என்று பெரியத்தா திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பையை இரண்டு முறை பெயர்க்கச் சொன்னார். மேஸ்திரி முகம் சுளிக்காமல் பெயர்த்தார். பதிலுக்குச் சமையலறை தென்கிழக்கு மூலையில்தான் என்று மேஸ்திரி பிடிவாதம் பிடித்தபோது பெரியத்தாவும் ஒத்துக்கொண்டார். தெரு கிழக்கே இருந்தது. பெண்கள் புழங்குகிற இடம் தெருவுக்குத் தெரியக்கூடாதே என்று அந்தப் பக்கம் முழுச்சுவராக எழுப்புவது என முடிவாயிற்று. இருவருக்கும் பரம திருப்தி. அம்மாவை யாரும் கேட்கவில்லை.

கேட்கவும் வழியில்லை. கணவனின் அண்ணன் முன்னால் அம்மா வரமாட்டாள், நேரே பேசவும் மாட்டாள். மனையை ஒட்டிய பழைய வீட்டின் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். நான் நாலடி நடந்துபோய்ப் பெரியத்தாவிடம் சொல்வேன். அவர் சொல்வதைத் திருப்பிக் கொண்டுவருவேன். அந்த உத்தியோகத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒரு செங்கல் ஏறாது என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அம்மா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எதையோ வரைந்து என் கையில் கொடுத்தாள். கட்டம் கட்டமாக ஒரு ஜன்னல்.

"அரியலூர்ல சின்னம்மா வூட்ல சிமெண்ட் ஜாலி வச்சிருக்காங்க பாரு, அந்த மாதிரி. உள்ளேருந்து பாத்தா தெருவே தெரியுது, தெருவிலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. அடுப்புக்கு நேரா வைக்கச் சொல்லு. பொழுதன்னைக்கும் நின்னு வேலை பாக்குறேன், கண்ணுக்கு எதாச்சும் வேணும்லடா."

கொடுத்த பிறகும் தாளை வாங்கி ஒரு கோட்டை அழித்துத் திரும்பப் போட்டாள். பல நாள் யோசித்து வைத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

எனக்கென்று ஒரு ஆசை இருந்தது. ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். அத்தா அனுப்பிய பொம்மையை அதில் நிற்க வைக்க வேண்டும். அதை முந்தின வாரமே பெரியத்தாவிடம் கேட்டுப் பார்த்தாயிற்று. "பொம்மை நிக்கிற வூட்டுக்கு மலக்குமாரு வரமாட்டாங்க, போடா" என்று வானவர்களைக் காட்டி விரட்டிவிட்டார்.

நான் போனபோது மணல் லாரி வந்து நின்றிருந்தது. பெரியத்தா அவசரத்தில் இருந்தார்.

"என்னவாம் உங்கம்மாவுக்கு? சீக்கிரம் சொல்லு."

அந்த நாலடியும் ஜன்னலைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். வாயைத் திறந்தபோது, "ஹால்ல ஷோகேஸ் வேணுமாம்" என்று வந்துவிட்டது.

அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ். இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பத்து வருசமாச்சு, ஒண்ணு கேட்டதில்ல. மொத தடவையா வாயத் தொறந்திருக்கு. செஞ்சிடுவோம்னு போய்ச் சொல்லு."

அதற்குமேல் தாளை எப்படி நீட்டுவது? நீட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கலவை குழைத்துக்கொண்டிருந்த இடத்தில் அதைப் போட்டு மிதித்துவிட்டு வந்தேன்.

அம்மா கதவருகிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"தெருப்பக்கம் ஜன்னல் சரிப்படாதாம்."

"ஜாலின்னு சொன்னியா? படத்தக் காட்டுனியா?"

"காட்டுனேன். வேணாம்னுட்டாங்க. ஷோகேஸ் வைக்கப் போறாங்களாம்."

அம்மா உள்ளே போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அத்தா போன் பண்ணினால் சொல்லிவிடுவாளோ என்று இரண்டு நாள் அவள் பின்னாலேயே சுற்றினேன். சொல்லவில்லை. மூத்தவர் வேண்டாம் என்றதைப் புருஷனிடம் சொல்லி அண்ணன் தம்பிக்குள் பேச்சு வரவைக்க அவள் விரும்பவில்லை போலிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை கண்டம் தாண்டியாயிற்று.

சுவர் எழும்பியது. ஷோகேஸும் வந்தது. என் பொம்மைக்கு மட்டும் அதில் இடம் கிடைக்கவில்லை. பெரியத்தாவே அதை நிரப்பினார். ஊருக்கு யார் வந்தாலும் சொல்லிவிட்டு, கஃபா படம் போட்ட கடிகாரம், தங்க விளிம்பு வைத்த டீ செட், அத்தர் பாட்டில்கள் என்று ஏதாவது ஒன்றை வரவழைத்து, "உங்கம்மாட்ட குடு" என்பார். தம்பி மனைவியின் ஆசை என்று அவருக்கு அதில் அப்படி ஓர் அக்கறை. அம்மா வாங்கி வைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துத் திரும்ப அடுக்குவாள். பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு சமைப்பாள்.

இரண்டு வருடம் கழித்துப் பெரியத்தா ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். போகிறவர்கள் சொந்தபந்தங்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஹாலில் உட்கார்ந்தார். அம்மா திரைக்குப் பின்னால் நின்றாள். நடுவில் நான்.

"மனசு நோவ நடந்திருந்தா, கேட்டதக் குடுக்காம இருந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுடச் சொல்லு" என்றார்.

அம்மா என் காதோரம் குனிந்து, "ஜன்னல நான் மனசுல வச்சுக்கலன்னு சொல்லு" என்றாள்.

நான் திரையை விலக்கிக்கொண்டு போய், "மன்னிச்சுட்டாங்களாம்" என்றேன். ஜன்னலை விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் "எந்த ஜன்னல்?" என்று கேட்டிருப்பார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது என் தலையைத் தடவினார். "உங்கம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையாச்சும் செஞ்சு குடுத்தேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பித்தோம் என்றுதான் அப்போது நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

ஹஜ்ஜிலிருந்து வந்து சில வருடங்களில் பெரியத்தா மவுத்தாகிவிட்டார். மய்யித்து வீட்டில் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அம்மா மட்டும் கண் கலங்காமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு நெஞ்சழுத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது எனக்குக் குடும்பம், பெரம்பலூரில் சொந்த வீடு எல்லாம் இருக்கிறது. போன நோன்புக்கு அம்மாவிடம் போயிருந்தபோது, கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜாலி வைத்த ஜன்னல் ஒன்று அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்றும், நாளைக்கே ஆளை வரவழைத்துச் சுவரை உடைத்து வைத்துத் தருவதாகவும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அம்மா கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"அப்ப பெரியத்தா வேணாம்னு சொல்லவே இல்லையா?"

"இல்லம்மா. நான் கேக்கவே இல்ல."

"நான் மய்யித்துக்குப் போயி ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியேடா" என்று சொல்லி, முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.